மாஸ்டர் இல்லாதவர்களின் ரீமாஸ்டர்: ஒரு பழைய சண்டை விளையாட்டும் ஏ-9 வீதியும்

கடந்த நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது, உக்குவளையில் என் மாமா வீட்டின் பின்னறைக்குள் முழங்கால் அளவு சேறு புகுந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாத்தளை மாவட்டத்தில் வீட்டோடு மண்ணுக்குள் போனவர்களை நினைத்தால் எங்களுடையது இழப்புக் கணக்கில் சேராது. டிசம்பரில் போய் அறையைத் துப்புரவாக்க உதவினேன். கட்டிலுக்கு அடியில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியை மாமாவின் பேரன் இழுத்து வெளியில் எடுத்தான். உள்ளே சேறு காய்ந்த ஒரு பிளேஸ்டேஷன் 2, இரண்டு கொன்ட்ரோலர்கள், உறையில்லாத ஓர் இறுவட்டு. இறுவட்டின் மேல் மார்க்கர் பேனையால் 'டிராகன் போல் 3' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

"மாமா, இது வேலை செய்யுமா?" என்றான். அவனுக்குப் பதினான்கு வயது. நான் பதில் சொல்வதற்கு முன் அவனே தொடர்ந்தான். "இதுக்குத்தான் புதுசு வந்திருச்சே. இன்னும் ஏன் ஆக்கள் பழசை ரீமாஸ்டர் பண்ணச் சொல்லிக் கேக்குறாங்க?"

அவன் கேட்டது சரியான கேள்வி. அதற்கு நான் அன்று சொன்ன பதில் சரியாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். செம்மணி பற்றியும் காணிகள் பற்றியும் காணாமலாக்கப்பட்டோர் பற்றியும் வாசிக்க வருகிற இந்தப் பக்கத்தில் ஒரு வீடியோ கேமுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பீர்கள். நானும் அவற்றை வாசிக்கத்தான் வருகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

என் அம்மா பிறந்தது இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். 1977 கலவரத்துக்குப் பிறகு தாத்தா குடும்பத்தோடு வடக்கே போனார். மலையகத்திலிருந்து அப்படிப் போய் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நான் பிறந்தது தருமபுரத்தில். 2009 மே மாதத்தில் என்ன நடந்தது என்பதை இந்த வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே விட்டபோது திரும்பிப் போக வீடு இருக்கவில்லை. 2010 ஓகஸ்டில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வன்னியை ஊடறுத்து வரும் அதே ஏ-9 வீதி தம்புள்ளை தாண்டி மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலால் கண்டிக்குப் போகிறது. எங்கள் குடும்பம் அந்த வீதியில் மேலே போய் முப்பத்து மூன்று வருடத்தில் கீழே வந்தது.

எனக்குப் பதின்மூன்று வயது. சிங்களம் ஒரு சொல் தெரியாது. என் தமிழும் இங்கே ஆபத்தாக இருந்தது. 'ஆமா' என்று சொல்கிற இடத்தில் 'ஓம்' என்று வாய் தவறினால் எந்த ஊர் என்று அடுத்த கேள்வி வரும். வன்னி என்று சொல்லாதே என்று மாமா ஒரு தடவைக்குப் பத்துத் தடவை சொல்லியிருந்தார். பேசாமல் இருக்கக்கூடிய ஓர் இடம் எனக்குத் தேவைப்பட்டது. அது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கடையாக அமைந்தது. நான்கு தொலைக்காட்சிகள், நான்கு சிப் பொருத்திய பிளேஸ்டேஷன் 2, அரை மணிக்கு 20 ரூபா.

முதல் நாள் நான் விளையாடவில்லை. திரையில் ஒருவன் இன்னொருவனைக் கட்டடம் ஒன்றுக்குள் தூக்கி எறிந்தான், கட்டடம் இடிந்தது. அந்தச் சத்தத்துக்கு நான் எழும்பிப் போய்ப் படிக்கட்டில் நின்றேன். மூன்றாம் நாள் திரும்பப் போனேன். நான் வந்து நிற்பதைக் கண்ட கடைக்காரப் பையன் ஒன்றும் கேட்காமல் சத்தத்தைக் குறைத்தான்.

அந்த விளையாட்டின் முழுப் பெயர் 'டிராகன் போல் இஸட்: பூடோகாய் தென்காயிச்சி 3'. ஜப்பானில் 2007 ஒக்டோபரில் வேறொரு பெயரில் வந்தது. ஸ்பைக் என்ற நிறுவனம் உருவாக்கியது. அகிரா தொரியாமாவின் மங்காவிலும் அதன் தொலைக்காட்சித் தொடரிலும் வரும் அனேகமாக எல்லாரும் உள்ளே இருந்தார்கள். உருமாற்றங்களையும் சேர்த்தால் 161 பேர். இவ்வளவும் ஒரேயொரு டிவிடியில். திரையை நெடுக்காக இரண்டாகப் பிளந்து பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இருவர் ஆடலாம், எந்தக் களத்திலும் ஆடலாம். பிந்திய வாதம் முழுக்க இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் தொங்குகிறது என்பதால் இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. சயான் என்றொரு இனம். அவர்களுடைய கிரகத்தையே பிரீசா என்ற கொடுங்கோலன் அழிக்கிறான், தப்பியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கதாநாயகன் கோகு அதில் ஒருவன். தான் எங்கிருந்து வந்தவன் என்றே தெரியாமல் வேறோர் ஊரில் வளர்கிறான். எல்லாம் தெரிந்து, அவமானத்தோடும் ஆத்திரத்தோடும் வளர்கிறவன் வெஜீட்டா. நான் எப்போதும் வெஜீட்டாவைத்தான் எடுப்பேன். ஏழு டிராகன் பந்துகளைச் சேர்த்தால் ஒரு நாகம் தோன்றும், இறந்தவர்களையும் அது எழுப்பித் தரும். ஆனால் அதற்கும் சட்டங்கள் உண்டு. பலரை ஒரேயடியாக எழுப்ப வேண்டுமானால் அவர்கள் இறந்து ஒரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். இதைக் கடையில் ஒருவன் விளக்கியபோது நான் மனதுக்குள் மாதங்களை எண்ணினேன். பதினைந்து.

அங்கே சிங்களப் பொடியன்களும் முஸ்லிம் பொடியன்களும் தோட்டத்துப் பொடியன்களும் வருவார்கள். கார்ட்டூனை எல்லாரும் டிஷ் அன்டனாவில் ஹிந்தியிலோ இங்கிலீசிலோ பார்த்தவர்கள், எவருக்கும் முழுதாக விளங்கியதில்லை. அதனால் யாரும் யாருக்கும் மேலாக இருக்கவில்லை. 'மச்சான்' என்ற சொல்லுக்கு மூன்று தரப்பிலும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. என்னோடு அதிகம் விளையாடிய சிங்களப் பையன் ஒருவன் இருந்தான். 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கிடங்கு வெட்டியபோது மனித எலும்புகள் வந்தன. கடைசியில் 150 இற்கும் மேற்பட்டவர்களுடைய எச்சங்கள். 1987-89 கிளர்ச்சிக் காலத்தில் கொண்டுபோகப்பட்ட பொடியன்களாக இருக்கலாம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அவை எந்தக் காலத்தவை என்பதில் பிறகு வந்த அறிக்கைகள் முரண்பட்டன. அந்தக் கிழமை அவன் கடைக்கு வரவில்லை. வந்தபோது, தன் அம்மாவின் தம்பியும் அந்தக் காலத்தில் போனவர் என்றான். நான் அன்றுதான் அவனிடம் வன்னி என்ற சொல்லைச் சொன்னேன். இரண்டு பேரும் கொன்ட்ரோலரைக் கையில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடிதான் பேசினோம். நேருக்கு நேர் பார்த்திருந்தால் பேசியிருப்போமா தெரியாது.

இனி மருமகனின் கேள்விக்கு வருகிறேன். புதிது வந்துவிட்டதே, பழையது ஏன்?

புதிது வந்தது உண்மை. 'டிராகன் போல்: ஸ்பார்க்கிங்! ஸீரோ' 2024 ஒக்டோபரில், அதே வழிவந்த ஸ்பைக் சுன்சொவ்ற் நிறுவனத்தின் தயாரிப்பாக, பண்டாய் நம்கோவின் வெளியீடாக வந்தது. தொரியாமா அந்த வருடம் மார்ச் முதலாம் திகதி காலமாகியிருந்தார். வெளியான 24 மணித்தியாலத்தில் 30 இலட்சம் பிரதிகள் போனதாக அறிவித்தார்கள். 182 பாத்திரங்கள். மற்றவர்கள் விளையாடும் காணொளிகளை நான் மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அழகு, வேகம் இரண்டிலும் பழையதை எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விட்டது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அது வெளியானபோது பிஎஸ் 5, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ், நல்ல கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினி ஆகியவற்றில் மட்டும்தான் ஓடியது. ஒரே திரையில் இருவர் விளையாட வேண்டுமானால் ஒரேயொரு களம்தான். நேரமும் ஆவியும் அடங்கும் அறை என்று கதையில் வரும், வெறும் வெள்ளையாக இருக்கும் இடம் அது. மலை, கடல், நகரம் எதுவும் இல்லாத அந்த வெறுமையை மட்டும்தான் இயந்திரத்தால் இரண்டு தடவை வரைய முடிந்தது. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில், தத்தம் இயந்திரத்தில், இணையத்தால் இணைந்து விளையாடுவார்கள் என்பது அந்த வடிவமைப்பின் எதிர்பார்ப்பு. 2007 இல் செய்யப்பட்டதோ, ஓர் அறையில் ஒரு தொலைக்காட்சி, இரண்டு பேர் என்ற கணக்கில் செய்யப்பட்டது. மாத்தளைக் கடையின் கணக்கும் அதுதான்.

பணத்தையும் பார்ப்போம். புதிய விளையாட்டின் விலை 70 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தாலும் 21,000 ரூபா. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாவாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் ஒரு விளையாட்டு என்பது பதினைந்தரை நாள் கொழுந்து. 2026 வரவு செலவுத் திட்டத்தில் சொன்ன 1,750 ஐ வைத்துப் பார்த்தாலும் பன்னிரண்டு நாள். இது இயந்திரத்தின் விலையைச் சேர்க்காமல்.

காசு இருந்தாலும் வாசல் திறக்குமா என்பது வேறு கதை. சோனியின் பிளேஸ்டேஷன் வலையமைப்பு அதிகாரபூர்வமாக இயங்கும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இருக்கிறது, இலங்கை இல்லை. இங்கே பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்கள் வேறு நாட்டுக்காரர்கள் என்று பொய் சொல்லித்தான் கணக்குத் திறக்கிறார்கள். 2024 மே மாதத்தில் 'ஹெல்டைவர்ஸ் 2' என்ற விளையாட்டைக் கணினியில் விளையாடவும் அந்தக் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தபோது, அந்தச் சேவை இல்லாத 170 இற்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் அது விற்பனையிலிருந்து தூக்கப்பட்டது. உலகம் முழுக்க எழுந்த எதிர்ப்பால் கட்டாயத்தைச் சில நாட்களிலேயே கைவிட்டார்கள். ஒரு படிவத்தில் உன் நாட்டின் பெயர் இல்லாதபோது என்ன செய்வது என்பது எங்கள் ஆட்களுக்குப் புதிய அனுபவம் அல்ல.

ரீமாஸ்டர் என்றால் என்ன? பழையதன் உள்ளடக்கத்தை வைத்துக்கொண்டு, புதிய இயந்திரத்தில் ஓடுமாறு, படத்தையும் ஒலியையும் தெளிவாக்கித் தருவது. முழுதாகப் புதிதாகக் கட்டுவது ரீமேக். சொல்லிலேயே இருக்கிறது: மறுபடி மாஸ்டர் எடுக்க முதலில் மாஸ்டர் இருக்க வேண்டும். அது பெரிய நிறுவனங்களிடமே இருப்பதில்லை. 2002 இல் வந்த 'கிங்டம் ஹார்ட்ஸ்' விளையாட்டின் மூலத் தரவுகளை ஸ்குவயர் எனிக்ஸ் தொலைத்துவிட்டு, கடையில் விற்ற இறுவட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் பிறகு புதுப்பித்தது. 'சைலன்ட் ஹில்' பழைய பாகங்களை 2012 இல் புதுப்பித்தபோது கொனாமியிடம் முடிவடையாத நிரல்தான் இருந்தது. விளைவைப் பார்த்த விசிறிகள் இன்றுவரை திட்டுகிறார்கள்.

அனிமே விளையாட்டுகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கதை ஒருவருக்கு, தொலைக்காட்சித் தொடர் இன்னொருவருக்கு, இசையும் குரலும் வேறு வேறு ஆட்களுக்குச் சொந்தம். உரிம ஒப்பந்தம் முடிந்தால் விளையாட்டையே கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள். 'ஜம்ப் போர்ஸ்' 2019 பெப்ரவரியில் வந்தது, 2022 பெப்ரவரியில் விற்பனை நின்றது. வெறும் மூன்று வருடம். டிராகன் போலின் மற்றொரு பழைய வரிசையான பூடோகாயை 2012 இல் எச்.டி தொகுப்பாக வெளியிட்டார்கள். மூன்று பாகங்களில் இரண்டாவதைக் காணோம். இசையமைத்தவர் மேல் 2011 இல் திருட்டுக் குற்றச்சாட்டு எழுந்திருந்ததால் பழைய இசையையும் எடுத்துவிட்டிருந்தார்கள். காது பழகியவர்களுக்கு அது வேறு விளையாட்டு. 'ஜோஜோ'வின் ஆல் ஸ்டார் பேட்டில் 2013 இல் பிஎஸ் 3 இற்கு மட்டும் வந்து, 2022 இல் பல இயந்திரங்களுக்கும் புதுப்பிக்கப்பட்டது நல்ல முன்னுதாரணம்தான். அதிலும் தொலைக்காட்சித் தொடரின் நடிகர்களை வைத்துக் குரல்களை மாற்றிப் பதிந்தார்கள்.

குரல் என்றதும் எனக்கு மிஸ்டர் சாத்தான் ஞாபகம் வருகிறார். செல் என்ற அசுரனை அழித்தது ஒரு சிறுவன். புகழை எடுத்துக்கொண்டு ஊர்வலம் போனது, தூரத்தில் ஒளிந்திருந்த மிஸ்டர் சாத்தான். (எங்கள் தரப்பு அரசியலிலும் அவருக்கு ஒரு தொகுதி ஒதுக்கலாம்.) அந்தப் பாத்திரத்துக்கு ஜப்பானிய மொழியில் குரல் கொடுத்த தைசுகே கோரி 2010 ஜனவரியில் இறந்துவிட்டார். என் சேறு படிந்த இறுவட்டில் அவர் இன்னும் வீரம் பேசுகிறார். புதியதில் பேசுவது வேறு ஆள். பழையதன் இடத்தைப் புதியது நிரப்பும் என்று சொல்வோருக்கு என் முதல் மறுப்பு இதுதான்.

இது என் தனிப்பட்ட ஏக்கம் மட்டுமல்ல. 2023 இல் அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010 இற்கு முன் அந்த நாட்டில் வந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காதவை. ஆய்வாளர்கள் நூலகங்களின் பழைய விளையாட்டுகளைத் தூரத்திலிருந்து பார்க்க அனுமதி கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் மறுத்தது. 'தி குரூ' என்ற விளையாட்டின் சேவையகங்களை 2024 மார்ச் 31 இல் நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கியவர்களின் கையில் வெறும் பெட்டி மிஞ்சியது. அதற்கு எதிராகத் தொடங்கிய இயக்கம் ஐரோப்பாவில் 2025 ஜூலையில் பத்து இலட்சம் கையொப்பத்தைத் தாண்டியது. பிரேசிலில் சில விசிறிகள் யாரையும் கேட்காமல் பூடோகாய் தென்காயிச்சி 3 ஐயே பிரித்து, புதிய பாத்திரங்களைச் சேர்த்து, நான்காம் பாகம் என்று பெயரிட்டு உலவ விட்டார்கள். நிறுவனம் செய்யாததைப் பொடியன்கள் செய்தார்கள்.

என்னிடம் ஒரு நேர்மையான சங்கடம் இருக்கிறது. நாங்கள் விளையாடியது திருட்டுப் பிரதி. அந்தக் கடையில் ஓர் அசல் இறுவட்டைக்கூட நான் கண்டதில்லை. ஒரு சதமும் கொடுக்காதவன் புதுப்பித்துத் தா என்று கேட்கலாமா? இதை நான் பல நாள் யோசித்தேன். எங்களுக்கு விற்க அவர்கள் வரவில்லை, வாங்க எங்களுக்கு வழி இருக்கவில்லை. இது நியாயப்படுத்தல் ஆகாது, நடந்தது. இன்று எனக்குச் சம்பளம் இருக்கிறது. நியாயமான விலையில் தந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

என் பக்கத்துத் தீர்ப்பு இதுதான்: அந்த விளையாட்டுக்கு ரீமாஸ்டர் தகும், ஆனால் எதுவானாலும் சரி என்று இல்லை. படத்தைப் பளபளப்பாக்கிவிட்டு, கணக்குத் திற, இணையத்தில் இரு, களத்துக்கு ஐந்து டொலர் கொடு என்று வருமானால் வேண்டாம். பழைய குரல்கள், இரண்டாகப் பிளந்த திரை, மலிந்த கணினியிலும் ஓடும் எடை, மின்சாரம் மட்டும் போதும் என்ற நிலை, இவை இருந்தால் போதும். 2022 இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்த நாட்டுக்காரன் நான், மின்சாரத்தையே அதிகப்படியாகத்தான் கேட்கிறேன். நிறுவனம் இதைச் செய்யுமா என்றால், இப்போதைக்குச் செய்யாது என்றே நினைக்கிறேன். புதியதை 70 டொலருக்கு விற்கும்போது பக்கத்தில் பழையதை 20 டொலருக்கு எந்த வியாபாரி வைப்பான்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வன்னியில் இருக்கும் சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். சிரித்தார். "எங்கட படங்கள் எரிஞ்சு போச்சு, நீ ஜப்பான்காரன்ர பொம்மைக்கு அழுறாய்" என்றார். அவர் சொன்னது சும்மா பேச்சல்ல. 1983 ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோவைக் கொளுத்தியபோது எத்தனையோ படங்களின் நெகட்டிவ்கள் எரிந்தன. தமிழருக்குச் சொந்தமான ஸ்ரூடியோ. எரிந்ததில் சிங்களப் படங்களும் அடக்கம். மாத்தளை கார்த்திகேசு 1980 இல் 'அவள் ஒரு ஜீவநதி' என்று ஒரு படம் தயாரித்தார். இந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சுமந்த ஒருவர், இந்த நாட்டுத் தமிழில் எடுத்த படம். பதினைந்து வருடம் மாத்தளையோடு பழகிய நான் அதை ஒரு தடவையும் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று சொன்ன என் வயதுக்காரர் ஒருவரையும் சந்தித்ததில்லை. நூலகத்துக்கு நடந்ததை அறிந்தவர்கள் 2005 இல் நூலகம் இணையத்தளத்தைத் தொடங்கிப் பக்கம் பக்கமாக மீட்கிறார்கள். படங்களுக்கு அந்த வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

சித்தப்பாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அவரோடு ஒரு விஷயத்தில் உடன்பட முடியவில்லை. கடந்த வருடம் செம்மணியில் ஒரு குழந்தையின் எலும்புகளோடு பள்ளிக்கூடப் பையும் விளையாட்டுப் பொம்மையும் வெளியே வந்தன. அந்தப் படத்தைக் கண்ட எவரும் பொம்மையை அற்பம் என்று ஒதுக்கவில்லை. அந்தப் பிள்ளை யார் என்பதற்கு மண் கொடுத்த சாட்சி அதுதான். நான் பதின்மூன்று வயதில் மறுபடி பேசத் தொடங்கியது ஒரு திருட்டு இறுவட்டுக்கு முன்னால்தான். அதற்குச் சாட்சியாக இந்தப் பிளாஸ்டிக் பெட்டி மட்டும் இருக்கிறது.

மருமகனும் நானும் இயந்திரத்தைக் கழற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் சேற்றைத் தட்டி, நான்கு நாள் வெயிலில் காய வைத்தோம். மின்சாரம் கொடுத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது, பிறகு பச்சை. இறுவட்டு சுற்றியது. திரை கறுப்பாகவே நின்றது. லென்ஸ் போயிருக்கும் என்றான், யூரியூபில் பார்த்தானாம். பழைய பிஎஸ் 2 லென்ஸ் கண்டியில் ஒரு கடையில் கிடைக்கும் என்று பஸ் நிலையத்தடியில் தொலைபேசி திருத்துபவர் சொன்னார். அந்தப் பழைய விளையாட்டுக் கடையின் கடைக்காரப் பையன்தான் அவர், இப்போது தலை நரைத்துவிட்டது. சத்தத்தைக் குறைத்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். வரும் சனிக்கிழமை கண்டிக்குப் போகிறோம்.